வழி விட்டுப் பழகிய கால்

1

வரும் ஆனி மாதத்தோடு நான் காஞ்சிபுரம் வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது எனக்கு வயது பத்தொன்பது. கையில் ஒரு தகரப்பெட்டி, அதில் நாலு பாவாடை, இரண்டு புடவை, அப்பா வாங்கிக் கொடுத்த ஒரு குடை. இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பி, நம் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகி விடுவேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். ஈப்போவில் இதைப் படிக்கிற நம்மவர்களில் சிலர் இன்னும் எனக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் "எப்போது வருகிறாய்?" என்று கேட்கிறீர்கள். தாலுகா ஆபீசில் கொடுத்த படிவத்திலும் அதே கேள்வி இருக்கிறது. வந்த தேதி, வந்த நோக்கம், திரும்பும் உத்தேசத் தேதி.

கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் மலேசியப் பாஸ்போர்ட் இந்த மாதக் கடைசியோடு காலாவதி. இங்கேயே குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு இந்த ஊரில் இத்தனை வருடம் வசிக்கிறேன் என்று தாலுகா ஆபீசில் ஒரு சான்று வாங்க வேண்டும். தேதிக்குள் வாங்காவிட்டால் நான் அந்த நாட்டுக்காரியும் இல்லை, இந்த நாட்டுக்காரியும் இல்லை. இரண்டு தடவை போய்விட்டேன். இரண்டு தடவையும் ஜன்னலுக்குக் கிட்டே போவதற்குள் சாத்திவிட்டார்கள்.

இரண்டாவது தடவை போனது போன செவ்வாய்க்கிழமை. நான் டீச்சராக இருக்கிற அய்யம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். வெறுங்கையோடு திரும்பி வரும் வழியில், பிள்ளையார்பாளையத்தில் என் மகள் தமிழ்ச்செல்வி படிக்கிற பள்ளிக்கூடத்து மதில் ஓரம் பாட்டுச் சத்தம் கேட்டது. ஆண்டு விழாவுக்குப் பின்னல் கோலாட்டம் ஒத்திகை. எட்டிப் பார்த்தேன். மரக்கிளையில் கொக்கி போட்டு எட்டு வண்ணக் கயிறு தொங்குகிறது. எட்டுப் பிள்ளைகள். என் மகள் கையில் பச்சைக் கயிறு.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இடது கையில் கயிற்றின் முனை, வலது கையில் கோல். நாலு பேர் இடமாகச் சுற்றுவார்கள், நாலு பேர் வலமாக. எதிரே வருகிறவளின் கோலில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அவளை உள்பக்கமாகக் கடக்க வேண்டும். அடுத்து வருகிறவளை வெளிப்பக்கமாக. எதிர்ச்சுற்றில் வருகிறவர்களுக்கு முதலில் வெளியே, பிறகு உள்ளே. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அப்படிப் போகப் போகத் தலைக்கு மேலே கயிறெல்லாம் சேர்ந்து ஒரே பின்னலாக இறங்கும். பாதிப் பாட்டில் திரும்பி, வந்த கணக்கிலேயே எதிர்ப்பக்கம் ஆடினால் பின்னல் முழுசும் அவிழ்ந்துவிடும். யாராவது ஒருத்தி ஒரு தடவை தவறினாலும் மேலே முடிச்சு விழும். யாருடைய கயிறு என்று நிறத்தை வைத்து ஊரே பார்க்கலாம்.

என் மகள் வெளியே போனாள். அடுத்து உள்ளே போக வேண்டும். எதிரே கொஞ்சம் வாட்டசாட்டமான ஒரு பெண் வந்தாள். இவள் ஒதுங்கி வெளியே போனாள். அதற்கடுத்தும் வெளியே. மேலே பச்சைக் கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றது. டீச்சர் கோலால் தரையைத் தட்டிக் கத்தினார்கள்.

பிள்ளைகள் தப்பாக ஆடுவது புதிதில்லை, நானே பத்து வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் இது எனக்குத் தெரிந்த தப்பு. இது என்னுடைய தப்பு.

2

நான் சேர்ந்த பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே என் பேர் போய்விட்டது. தெய்வானை என்று ஒருத்தியும் கூப்பிடவில்லை. "மலேயா". அவ்வளவுதான். "மலேயா, உன் தட்டு எங்க?" "மலேயா, மணி அடிச்சாச்சி." நம் ஊரில் சீனப் பெண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் நடுவில் நான் இந்தியாக்காரி. இந்தியாவுக்கு வந்தால் மலேயாக்காரி. எங்கேதான் நான் வெறும் தெய்வானை என்று அப்போது அழுகையாக வரும்.

வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். விடுதிச் சமையல்கார அம்மாவிடம் முதல் நாள் காலையில் மரியாதையாக, காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று நம் ஊரில் கேட்கிற மாதிரி, "பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, நான் இன்னாத்துக்குப் பசியோட இருக்கறேன்? பட்டினி போட்டுட்டாங்களா என்ன?" என்றார்கள். கிண்ணத்தை மங்கு என்பேன், பெரிய ரோட்டைச் சடக்கு என்பேன். ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடுவதற்கு முன் நாக்கின் நுனியில் நிறுத்திப் பரிசோதிப்பேன். அப்படிப் பரிசோதித்துக்கொண்டே இருந்ததில் பேச வேண்டியது பாதி நேரம் தொண்டையோடு நின்றுவிடும்.

இதற்கு நடுவில் தகுதிச் சான்றிதழ் என்று ஒரு பூதம். நான் ஈப்போவில் முடித்த படிப்பு இங்கத்துப் படிப்புக்குச் சமம்தான் என்று மெட்ராசிலிருந்து ஒரு காகிதம் வர வேண்டும். நம் ஊர்ச் சான்றிதழில் மகள் என்பதற்கு மலாயில் இரண்டு எழுத்துப் போட்டிருப்பார்கள் அல்லவா, அதை என் தலைப்பெழுத்து என்று நினைத்து, பேர் சரியாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். அப்பாவின் பேரைத் திருத்தச் சொன்னார்கள். மறுபடி எழுதினேன். வகுப்பில் ஆபீஸ் ஆள் வந்து நின்றாலே என்னைக் கூப்பிடத்தான் என்று எழுந்து நிற்பேன். அந்தக் காகிதம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அது வந்து சேர்ந்த பிறகுதான் கோலாட்டம் வந்தது.

இரண்டாம் வருடம் உடற்பயிற்சித் தேர்வில் கும்மியும் கோலாட்டமும் கட்டாயம். எட்டு எட்டுப் பேராகப் பிரித்தார்கள். மதிப்பெண் ஆளுக்குத் தனியாக இல்லை, எட்டுப் பேருக்கும் ஒன்று. பின்னல் சரியாக விழுந்து சரியாக அவிழ்ந்தால் எட்டுப் பேரும் தேர்வு. முடிச்சு விழுந்தால் எட்டுப் பேரும் அடுத்த வருடம் மறுபடி வர வேண்டும். எங்கள் குழுவில் என் பக்கத்துப் பெஞ்சுக்காரி செங்கேணி, பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி முதலில் வருகிறவள் மும்தாஜ், கடைத்தெரு ஜவுளிக்காரர் மகள். கயிற்றுக்குச் செங்கேணி வீட்டிலிருந்து சாயம் போட்ட நூலைக் கொண்டுவந்து முறுக்கிக்கொண்டோம். எனக்கு அரக்குச் சிவப்பு. நல்ல எடுப்பான நிறம். அந்த நிறம் வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் ஆடினோம். ஒரு மாதமும் முடிச்சு. அண்ணாந்து பார்த்தால் சிவப்புத்தான் வளைத்துக்கொண்டு நிற்கும். டிரில் டீச்சர் வேறு, "உன் முழங்கால் ஏன் இப்படிக் குலுங்குகிறது? அடியை நேராக வை" என்பார்கள். நான் காலை இறுக்கிக்கொள்வேன். இறுக்கினால் கணக்கு விட்டுப்போகும்.

பிள்ளைகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் மும்தாஜ் கோலைத் தூக்கிப் போட்டுவிட்டாள். "இன்னொரு வருஷம் படிக்க எங்க அத்தா ஒத்துக்க மாட்டார். நிக்காஹ் பண்ணி அனுப்பிருவார். ஒரு ஆளால இத்தனை பேருக்கும் பேஜாரு." அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கயிற்றைப் பார்த்துச் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது. என்னை நீக்கிவிடவும் முடியாது, எட்டுப் பேர் இருந்தால்தான் பின்னல் விழும்.

அன்று சாயங்காலம் நீல விமானக் கடிதம் ஒன்றை எடுத்து அப்பாவுக்கு எழுதினேன். "எனக்கு இங்கே ஒத்து வரவில்லை. என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்." அதற்கு மேல் எழுத வரவில்லை. முக்கால் பக்கம் காலியாக இருந்தது. மடித்து இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தேன். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தேர்வுக்கு முன்னால் அதை அஞ்சலில் போட்டுவிட்டு விலகிக்கொண்டால் குறைந்தது என் குழுவாவது வேறு ஒருத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். போடப் போவதும் திரும்பி வருவதுமாக மூன்று நாள் போயிற்று.

3

நாலாம் நாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு செங்கேணி மட்டும் போகவில்லை. முடிச்சு விழுந்த பின்னலை அவிழ்க்காமல் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் கோல்களைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"ஏ மலேயா, இங்க வா. இத்தப் பாரு."

போனேன்.

"எங்க வூட்டுல தறியில ஒரு இழை கீழயே போவாம மேலயே வந்துக்கினு இருந்தா, அது நெசவு இல்ல. தொங்கும். கைய வச்சி இழுத்தா வந்துடும். உன் கயிறு அப்டித்தான் இருக்குது. பாரு, எல்லாக் கயிறும் மேல ஒருவாட்டி, கீழ ஒருவாட்டி போயிருக்குது. உன்னுது மேலயே மெதக்குது."

"நான் கணக்குப் பண்ணித்தான் ஆடுறேன் செங்கேணி. உள்ள, வெளியன்னு சொல்லிக்கிட்டேதான்…"

"வாயிதான் சொல்லுது. நீ உள்ள போவறதே இல்ல. எதிர எவளாச்சும் வந்தா ஒதுங்கிட்ற. நீ ஒதுங்கனா அவ இன்னா பண்ணுவா? அவ உள்ள பூந்துடறா. ஒரு மாசமா நீ வெளியவேதான் சுத்திக்கினு கெடக்கற."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அண்ணாந்து பார்த்தால் தெரிகிறது.

அன்று விடுதிக்குப் போய்ப் படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்துக்கும் கித்தா ரப்பர்க் காட்டுக்கும் நடுவில் போகிற ஒற்றையடிப் பாதை உங்களுக்குத் தெரியும். அம்மாவோடு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது எதிரே கணக்கு எழுதுகிற கிராணியார் சைக்கிளில் வருவார். அம்மா என் தோளைப் பிடித்து ஓரத்துப் புல்லில் இறக்குவாள். துரை வண்டி வந்தால் இரண்டடி தள்ளி. பெரிய கங்காணி வந்தால் ஓரடி. யாரும் அதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை, அடித்துச் சொல்லித் தரவில்லை. கால் தானாகப் பழகிவிட்டது. அந்தக் காலைத்தான் கப்பலேற்றி நான் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எட்டுப் பெண்கள் சுற்றுகிற ஒரு வட்டத்திலும் எதிரே நிமிர்ந்து வருகிற ஒருத்தியைக் கண்டால் அது புல்லில் இறங்கி நின்றுகொள்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அம்மா மேல்கூடக் கொஞ்சம் வந்தது. அதற்காக அப்புறம் வெட்கப்பட்டேன்.

4

இப்போது இருக்கிற கவலைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தமிழ்ச்செல்வி வீட்டுக்கு வந்ததும் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். இவளிடம் எதையும் மெதுவாகத்தான் கேட்க வேண்டும். ஒன்பது வயதுதான். ஆனால் நான் ஏதாவது நம் ஊர்ப் பேச்சைப் பேசினால், "அம்மா, ஒழுங்கா பேசும்மா" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். ஈப்போவைப் பற்றிச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். பள்ளிக்கூடத்தில் பதிவேட்டுக்கு எழுதிக் கொடுத்த தாளில் அம்மாவின் சொந்த ஊர் என்ற இடத்தில் காஞ்சிபுரம் என்று எழுதியிருந்தாள். கேட்டால், "அது போதும்மா. எல்லாரும் கேப்பாங்க, சொல்லிக்கினே இருக்கணும்" என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்துப் போட்டேன்.

"கோலாட்டத்துல ஏன் வெளியவே போற?" என்று கேட்டேன்.

"போவலியே."

"நான் பாத்தேன். அந்தப் பெரிய பொண்ணு எதிர வந்தப்ப உள்ள போகாம ஒதுங்கிட்ட."

"அவ வேகமா வந்தாம்மா. வழி வுட்டேன்."

"வழி விடச் சொல்லி யார் சொன்னா?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "யாரும் சொல்லல. நீ வுடுவல்ல? கொழாயில தண்ணி புடிக்கறப்ப யாருனா கொடத்த வச்சா நீ உன் கொடத்த நகுத்திக்கற. பஸ்சுல ஏறச்சொல்லவும் அப்டித்தான்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தப் பிள்ளை கித்தா மரத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நம் பேச்சு வேண்டாம், நம் ஊர் வேண்டாம் என்று எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிறாளே என்று இரண்டு வருடமாக மனசுக்குள் அழுதுகொண்டிருந்தேன். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டிருக்கிறாள். எது வேண்டாமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் அந்தக் காலைச் சரிசெய்துகொண்டேன் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேனே, அது எப்போது திரும்பி வந்தது?

5

சரிசெய்தது உண்மை. அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாளே செங்கேணி என்னைக் கையைப் பிடித்து ராஜவீதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகூர்த்த மாதம். வெளியூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து போக வேண்டும், ஒருத்தருக்கும் ஒதுங்கக் கூடாது, இதுதான் அவள் வைத்த பரீட்சை. "வயசானவங்க, கைக்கொழந்தக்காரி, மாடு, இவங்களுக்கு மட்டும் வுடு. மத்தவங்களுக்கு வுட்டா திரும்பி மொதல்லேருந்து நடக்கணும்."

முதல் தடவை பத்தடி போவதற்குள் ஒதுங்கிவிட்டேன். இரண்டாம் தடவை இருபதடி. நாலாம் தடவையோ ஐந்தாம் தடவையோ, பட்டுப் புடவைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஒரு ஆள் மேல் நேராகப் போய் மோதினேன். கட்டு கீழே விழுந்தது.

"இன்னாம்மா, ஆளு வரது தெரியல? கண்ணு பின்னாடியா இருக்குது?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் எந்தத் தமிழில் கேட்பது என்று தெரியவில்லை. செங்கேணி பின்னாலிருந்து வந்து, "நீ பாத்து வரதுதான்யா? தெரு இன்னா உங்க வூட்டுத் தறிக்குழியா?" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தவறு முழுக்க என்னுடையது. அவனுக்கு இன்றைக்கும் நான் ஒரு மன்னிப்புப் பாக்கி. ஆனால் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அவன் போன பிறகு நான் நடுத்தெருவில் நின்றுகொண்டு சிரித்தேன். செங்கேணியும் சிரித்தாள். கடைக்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். மிச்சத் தெருவை ஒரே மூச்சில் நடந்தேன்.

அதற்காக ஆட்டம் உடனே வந்துவிடவில்லை. ஒத்திகையில் மூன்று தடவைக்கு ஒரு தடவை சரியாக வரும். தேர்வு நாள் காலை வரைக்கும் கடிதம் இலக்கணப் புத்தகத்தில்தான் இருந்தது. முடிச்சு விழுந்தால் மத்தியானமே அஞ்சலில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி வெயில். என் கை வேர்த்து, கயிறு வழுக்கியது. பாட்டு தொடங்கியது. முதலில் மும்தாஜ் எதிரே வந்தாள். அவளை நான் வெளிப்பக்கமாகக் கடக்க வேண்டும், கடந்தேன். அடுத்து வருகிறவளை உள்ளே. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தை மட்டும் பார்த்தேன். அந்த இடத்துக்குள் தோளைக் கொடுத்துப் புகுந்தேன். என் கோல் தட்டிய சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

புகுந்துவிட்டேன். யாரும் திட்டவில்லை. வானம் இடிந்து விழவில்லை. வெளியே, உள்ளே. வெளியே, உள்ளே. நாலாவது சுற்றில் எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணுவதை விட்டதும் முழங்காலை இறுக்கிப் பிடிக்கவும் மறந்துபோனேன். கால் தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது. நம் தோட்டத்தை ஒட்டிய மலாய்க் கிராமமான கம்பத்தில் கல்யாணம் என்றால் ஜோகெட் ஆட்டம் ஆடுவார்கள் அல்லவா, நாம் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆடிப் பார்ப்போமே, அந்த முழங்கால் மடிப்பும் குட்டித் துள்ளலும் கோலாட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. டிரில் டீச்சர் ஒரு மாதமாக நேராக்கப் பார்த்த குலுக்கல் அதுதான். நான் அதை நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு எந்த நாட்டிலும் இருந்ததில்லை.

பாதிப் பாட்டில் திரும்பினோம். இப்போதுதான் உண்மை தெரியும். மேலே பார்க்கக் கூடாது என்பது கட்டளை. பார்க்கவில்லை. கயிறு கையில் நீண்டுகொண்டே வந்தது. கடைசித் தட்டு தட்டி நின்றபோது என் கையிலிருந்து கொக்கி வரைக்கும் சிவப்புக் கயிறு தனியாக, நேராக இருந்தது. மும்தாஜ் எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு மறுபடி உயிர் போயிற்று.

"நீ வைக்கிற அடி வேறு மாதிரி இருக்கிறதே. எந்த ஊர்?"

டிரில் டீச்சர் முந்திக்கொண்டு, "மலேயாப் பெண், மேடம். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்" என்றார்கள்.

"ஈப்போங்க. எங்க ஊரு" என்றேன். எங்க ஊரு என்று இந்த மண்ணில் நின்று நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அங்க கல்யாணத்துல ஆடுவாங்க. நான் அங்கதான் கத்துக்கிட்டேன்."

"நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்கள். எட்டுப் பேரும் தேர்வு.

மத்தியானம் கடிதத்தை எடுத்தேன். விமானக் கடிதத்தை வீணாக்க மனசு வரவில்லை. எழுதியிருந்த இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே காலியாக இருந்த முக்கால் பக்கத்தில் கோலாட்டக் கதையை எழுதி அனுப்பினேன். என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும். பக்கத்து வீட்டுப் பையன்தான் படித்துக் காட்டுவான், பதிலும் எழுதுவான். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதில் இப்படி இருந்தது: "அடிச்சதையும் சேத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரும்மா."

இருந்துவிட்டேன். அடுத்த வருடம் செங்கேணியின் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டேன். என்ன சாதி, என்ன நாடு, யார் வீட்டுப் பெண் என்று பிள்ளையார்பாளையமே ஒரு வருடம் பேசியது. அந்தக் கதை வேறு. ஆனால் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான், புதுப் பெண், வெளிநாட்டுக்காரி, எதுவும் தெரியாதவள் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில், நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நான் குழாயடியில் குடத்தை நகர்த்த ஆரம்பித்திருக்க வேண்டும். கோலாட்டத்தில் உள்ளே போனேன். வீட்டுக்கு வந்து மறுபடி புல்லில் இறங்கி நின்றுகொண்டேன். பத்து வருடமாக அதைக் கவனிக்கவே இல்லை. என் மகள் கவனித்திருக்கிறாள்.

6

இதைச் செங்கேணியிடம் சொன்னேன். இப்போது எனக்கு நாத்தனார், வாய் இன்னும் குறையவில்லை. "இன்னாத்துக்கு அழுதுக்கினு கெடக்கற? பாப்பாவ ராஜவீதிக்கு இட்டுக்கினு போ" என்றாள்.

ராஜவீதிக்குப் போகவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, தாலுகா ஆபீஸ் உண்டு. தமிழ்ச்செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். படிவத்தில் கடைசிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

வரிசை என்று பேர், எறும்புப் புற்று மாதிரி கூட்டம். ஒரு மணி நேரம் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஒருத்தர் போனார். இன்னும் ஒருத்தர். அவரும் போனார். அப்போது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர், கையில் கற்றையாகக் காகிதம், பக்கவாட்டில் வந்து ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் தோளைக் கொடுத்தார்.

என் கால் நகர்ந்தது. நான் சொல்லாமலே நகர்ந்தது. அரை அடி ஓரமாகப் போய்விட்டேன்.

என் கையைப் பிடித்திருந்த சின்னக் கையும் கூடவே ஓரமாக வந்தது. இழுபடவில்லை. தானாக வந்தது.

நான் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முழங்கைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தேன். உள்ளே போனேன். படிவத்தைக் கம்பிக்குள் நீட்டினேன்.

"நாந்தாங்க அடுத்தது" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவசரம்மா, ரெண்டு நிமிஷம்" என்றார் அந்த மனிதர்.

"எனக்கும் அவசரம்தாங்க. மூணாவது தபா வரேன்."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் போய் நின்றார். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "திரும்பும் தேதி எழுதலியே?"

"திரும்பலைங்க."

"அப்ப கோடு போடுங்க."

கோடு போட்டேன். பேனா நேராகப் போகவில்லை. அப்பாவின் முகம் வந்தது, ஈப்போவின் பாதை வந்தது, உங்கள் எல்லோருடைய கடிதமும் வந்தது. கோடு போட்டுவிட்டேன். அடுத்த வாரம் சான்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். தருவாரா என்று கவலையாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆண்டு விழா, அதுவும் கவலையாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்து கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். தம்ளரையே பார்த்துக்கொண்டு குடித்தாள். நான் கத்தியது அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா, அங்க உன் கை நடுங்கிச்சி."

"ஆமா."

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"அப்பறம் எப்டி உள்ள போன?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பயம் போய்விட்டது, தைரியம் வந்துவிட்டது என்று. ஆனால் கோலாட்ட வட்டத்துக்குள் நிற்கும்போது அவளுக்கு அந்தத் தைரியம் வராது, அப்போது அம்மா சொன்னது பொய் என்று தெரிந்துபோகும்.

"நடுங்கிக்கினேதான் போனேன்" என்றேன்.